மூன்றடி மிச்சம்

"சாப்பாடு வேணாம், ஆச்சு," என்றான் ரோழே. அவன் விரல்களில் மீன்குழம்பு மணந்தது. அவன் மனைவி ஒர்த்தான்ஸ் அன்று மீன் வாங்கவில்லை.

மாதா கோயிலுக்குப் பின்தெருவில் அவன் அளந்துகொண்டிருந்த மாடி வீடு, சொந்தக்காரர்கள் சைகோன் போனதிலிருந்து ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியிறக்கிப் போனபின், புது நிர்வாகம் ஊரின் பழைய கட்டடங்களுக்கெல்லாம் வரைபடம் கேட்டிருந்தது. மற்ற வீடுகள் இரண்டிரண்டு நாளில் முடிந்தன. இந்த வீட்டுக்கு மூன்று வாரம்.

"ஒங்க வீட்டுக்காரரு அங்கயே மாப்பிள்ளையா போயிட்டாரா?" என்றாள் பக்கத்து வீட்டு ஜன்னத். ஒர்த்தான்ஸ் சிரித்துவைத்தாள்.

அன்றிரவு அவன் வரைபடத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். வெளி நீளத்தில் அறைகளையும் சுவர்களின் கனத்தையும் கழித்தால் மூன்றடி மிஞ்சியது.

"மீட்டர அடியாக்கும்போது தப்பு பண்ணிட்டீங்க."

"தப்பில்ல. அவ கொஞ்சம் கூச்சப்படுவா."

அவ.

மறுநாள் மதியம் ஒர்த்தான்ஸும் கூடப் போனாள். தெரு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உறங்கியது. உயர்ந்த வளைவுகளுக்குக் கீழே, கடல்காற்று எட்டாத கூடத்தில் பழைய மரமும் பூஞ்சணமும் மணக்க, ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியே வெயில் கீற்றுக் கீற்றாக விழ, அவள் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். அதே கணக்கு. கோடியறையின் கடைசிச் சுவரைத் தட்டினாள். பின்னால் வெற்றிடம். பிறகு, பட்டுப்புடவை உரசும் சத்தம்.

"யாருங்க உள்ள?"

ரோழே சுவரில் கன்னத்தை வைத்திருந்தான். கல்யாணத்தன்று தன்னைப் பார்த்த அந்தப் பார்வையை அவள் அவன் கண்ணில் கண்டாள்.

"நானா, அவளா? இப்பவே சொல்லுங்க."

அவன் கன்னத்தைச் சுவரில் இன்னும் அழுத்தினான்.

அவள் விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னால் வருவான் என்று நின்றாள். வெளியேற அந்த ஒரு வாசல்தான்.

"என்னங்க."

திரும்பி ஓடினாள். கோடியறை காலி. அவன் செருப்பு மட்டும் சுவரோரம் கிடந்தது. சுவர் ஈரமாக இருந்தது. புதுச் சுண்ணாம்பு. இளஞ்சூடு.

பூச்சு புடைத்தது. ஐந்து விரல்கள். மோதிரம். அவன் கை.

அவள் தன் கையை அதன்மேல் வைக்கப் போனாள்.

அதற்குள் பூச்சில் இன்னொரு கை புடைத்தது. மெலிந்த விரல்கள். மணிக்கட்டு நிறைய வளையல்.

அவன் விரல்களுக்கிடையே அவை நிதானமாகக் கோத்துக்கொண்டன. பிறகு அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இரண்டு கைகளின் மேலும் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று காய்ந்தது.