வரிசை மாறிய எட்டுப் பாட்டு

"முழு ஆல்பத்தையும் போடுங்க. முதல் பாட்டுலேருந்து கடைசிப் பாட்டு வரைக்கும்."

கேட்டேவிட்டாள். எதை மட்டும் கேட்கவே கூடாது என்று லேப் அக்கா படியேறும்போது மூன்று தடவை சொல்லிக் கூட்டி வந்தாளோ... அதையே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லேப் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இவளுக்கு வேலை பழக்கிக் கொடுத்தவள் அவள்தான். இவள் வாய் எப்போது திறக்கும், எப்போது மூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இசைத்தட்டுக் கடையின் மாடி அது. வருஷத்தின் கடைசி ஞாயிறு. அந்த வருஷம் வெளிவந்த ஆல்பங்களில் தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை ஆளுக்கு ஒன்றாக எடுத்து வருவார்கள். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு பாட்டு. பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. கடைசியில் சீட்டில் வாக்குப் போட்டுப் பத்து ஆல்பங்களைத் தேர்ந்தெடுத்து, கீழே கடைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். பதினோரு வருஷமாக இதுதான் சட்டம்.

"ஆளுக்கு ஒரு பாட்டுதாங்க," என்றான் பிளேயர் பக்கத்தில் நின்றவன். காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை அவனுக்கு. இங்கே எல்லாருக்கும் அவன் 'ஜட்ஜ்'. முன்கூட்டியே எல்லா ஆல்பத்தையும் வாங்கிக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி குறிப்பு எழுதிப் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்துவிடுவான். அவன் எழுதியதை மீறி யாரும் வாக்குப் போட்டதில்லை.

இவள் ஆல்பத்துக்கு அவன் எழுதியிருந்தது: 'எட்டுப் பாட்டும் பாதியில் கழுத்தறுபட்டு நிற்கின்றன. அவசர வேலை. தேறாது.'

தேறாது! பத்து மாதமாக அவளைத் தூக்கி நிறுத்திய ஆல்பம். யாரோ ஊர் பேர் தெரியாத அக்கா தங்கை, தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பாடிப் பதிவு செய்தது.

"நீங்க இதை முழுசா கேட்டீங்களா?"

"ரெண்டு தடவை கேட்டேன்."

"அப்போ எல்லார் காதையும் நீங்க டெஸ்ட் பண்றீங்க... உங்க காதை யாரு டெஸ்ட் பண்றது?"

மாடியே சிரித்தது. அவன் கோபப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தான். திட்டு வாங்கும்போதுகூடக் கவனமாகக் கேட்கிற கண்கள்... ச்சே, இப்போது எதற்குக் கண்ணைப் பற்றி!

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மழையில எவனும் வெளிய போகப் போறதில்ல. போடுப்பா. பொண்ணு இவ்வளவு கேக்குதில்ல?" என்றார்.

அவன் வட்டை வைத்தான். முப்பத்தொன்பது நிமிடம் அவனுக்கு அங்கே வேலையில்லை. காலி இடம் ஒன்றுதான் இருந்தது... ஜன்னலோர பெஞ்சில், அவளுக்கு மறுபக்கத்தில்.

முதல் பாட்டு 'வாளி'. விடியற்காலை. குழாயடியில் வாளி நிரம்புகிற சத்தம். அது முடியும் முன்பே பாட்டு நின்றுவிடும். சொட்டு மட்டும் தொடரும். அந்தச் சொட்டின் வேகத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பாட்டு நடக்க ஆரம்பிக்கும்.

அவன் சட்டென்று திரும்பினான். பேச முடியாது. வாக்குச் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கம் கிறுக்கி நீட்டினான்.

'வாளி கடைசிப் பாட்டு இல்லையா?'

அவள் எழுதினாள்: 'முதல் பாட்டு. எண்ணவும் வராதா?'

அவள் கையிலிருந்த ஆல்ப அட்டையைத் திருப்பிப் பாட்டு வரிசையைப் பார்த்தான். பிறகு மெதுவாக... 'பென்டிரைவ்ல ஏத்தி கார்ல கேட்டேன். அது அகர வரிசையில போட்டிருக்கு. எனக்கு முதல்ல வந்தது அரைத்தூக்கம்.'

அரைத்தூக்கம்தான் எட்டாவது பாட்டு. ராத்திரி விளக்கணைக்கிற பாட்டு! அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

'அப்போ உங்களுக்கு அந்த வீட்டுல தூங்கி, சாயங்காலம் சமைச்சு, மத்தியானம் துணி காயப்போட்டு, கடைசியாதான் விடிஞ்சுதா?'

'அந்த வீட்டுல ஏதோ பெரிய பிரச்சனைன்னு நினைச்சேன்.'

சிரிப்பு மூக்கு வழியாக வெளியேறிவிட்டது. கடைக்காரம்மா முறைத்தார். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். தோளுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண்... அந்த ஒரு சாணில் என்னவோ சூடாக இருந்தது.

மறுபடி சீட்டு வந்தது.

'யார்கிட்டயும் சொல்லாதீங்க. பட்டியல் எழுதறது நான்தான், சத்தமில்லாம மூணாவது இடத்துல சேர்த்துடறேன்.'

சிரிப்பு செத்துப்போனது.

கல்லூரியிலும் அவளுக்கு இப்படித்தான் நடந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள். குடோனில் மூட்டை தூக்குகிற அப்பா, "பெரிய இடத்துல வாயைத் திறக்காதம்மா," என்று சொல்லித்தான் அனுப்பினார். மார்க்கைத் தப்பாகக் கூட்டிய வாத்தியார், அதைச் சொன்னதற்கு வகுப்பு முழுவதும் கேட்கத் திட்டினார். பிறகு அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுத் திருத்திக் கொடுத்தார். அவமானம் மேடையில், நியாயம் மூலையில். அவளைப் போன்றவர்களுக்கு மூலையே போதும் என்று இவர்களுக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

சீட்டு கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள்: 'தேறாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. தேறும்ங்கறது எனக்கு மட்டும் ரகசியமா? அப்படின்னா மூணாவது இடம் வேண்டாம். முதலிடமும் வேண்டாம்.'

அவன் படித்தான். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பாட்டுகள் ஓடின. மத்தியானம் சாய்ந்து, சாயங்காலம் வந்து, அந்த வீட்டில் விளக்கு அணைந்தது. ஆல்பம் முடிந்தும் யாரும் அசையவில்லை. மழைச் சத்தம்கூட அதன் ஒன்பதாவது பாட்டு போலிருந்தது. கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் வாயைத் திறக்காவிட்டால் இந்தப் படியில் இனி அவள் கால் படாது. அவ்வளவுதான்.

அவன் எழுந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான் எழுதினது தப்பு. ஆல்பத்தைப் பத்தி மட்டும் இல்ல... கேட்டதே தப்பு. அகர வரிசையில கேட்டுட்டு, அறுந்து போச்சுன்னு அவங்க மேல பழி போட்டுட்டேன். அறுத்தது நான்தான்."

வெடித்தது சிரிப்பு. "ஜட்ஜுக்கே தீர்ப்பா!" "ஏம்ப்பா, சாப்பாட்டையும் அகர வரிசையிலதான் சாப்பிடுவியா?" காது மடல் சிவக்க, ஓடாமல் நின்றான். சிரிப்பு ஓய்ந்ததும் ஒவ்வொருவரிடமும் போய்க் கையை நீட்டினான்.

"என் குறிப்பைத் திருப்பிக் குடுங்க. இந்த வருஷம் உங்க காதை வெச்சு ஓட்டு போடுங்க."

பன்னிரண்டாவது தாளுக்காக அவளிடம் வந்தபோது அவள் படியிறங்கியிருந்தாள். அழுகை வந்தால் யாரும் பார்க்கக் கூடாதே என்றுதான். பின்னாலேயே காலடிச் சத்தம்.

"தாளு..."

கொடுத்தாள். அவன் போகவில்லை.

"இன்னொரு தப்பும் இருக்கு. கடைசி மூணு பாட்டை நான் இன்னிக்கும் சரியா கேக்கல."

"ஏன், காது அடைச்சிடுச்சா?"

"இல்ல... கண்ணு திறந்திருந்துச்சு." தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "உங்களையேதான் பார்த்துட்டிருந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. வரிசை மாத்தாம சொல்லணும்னா... முதல்ல உங்க கோபம்தான் பிடிச்சுது."

நெஞ்சுக்குள் எதுவோ தாளம் தப்பியது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"எங்கப்பா மூட்டை தூக்கறவரு."

"சரி."

"நான் சாது கிடையாது."

"தெரியும். மேல பதினொரு பேர் சாட்சி இருக்காங்க."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்... முடியவில்லை. குடையை விரித்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு லேப் முடியும். வந்து நில்லுங்க. பின்பக்கச் சந்துல இல்ல, முன்வாசல்ல. எல்லாரும் பார்க்கட்டும்."

"அப்போ... சரின்னு எடுத்துக்கலாமா?"

மேலிருந்து லேப் அக்கா கத்தினாள். "ஏய், ஓட்டு எண்ணப் போறாங்கடி! எத்தனாவது இடம்னு தெரிய வேண்டாமா?"

"நீங்களே பார்த்துக்கங்கக்கா!"

அவன் பன்னிரண்டு பேர் முன்னால் எழுந்து நின்றானே, அப்போதே அவள் மனசு தீர்மானித்துவிட்டது. அதை இப்போதே அவனிடம் சொல்லியாக வேண்டும் என்று என்ன அவசரம்?

திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் நடந்தாள்.