கஸ்டமர் நாற்காலி

அந்தக் கல்லூரிக்கு நான் பெட்டியோடு போய் இறங்கிய அன்று மதியம் கால் இரண்டும் வீங்கியிருந்தன. விடுதிச் சாவி மாலையில்தான் கிடைக்குமாம். "அதுவரைக்கும் உங்க குழுவோட உட்காருங்க, கீழேதான் இருக்காங்க" என்று வரவேற்பில் இருந்த பெண் நூலகத்துக்கு அடியில் இறங்கும் படிகளைக் காட்டினாள். பெட்டியைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே நீளமான ஒரு நடை. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு போட்ட சின்னச் சின்ன அறைகள். ஜன்னல் என்று ஒன்று எங்குமே இல்லை. ஈரக் கம்பளமும் ஆறிப்போன காபியும் கலந்த வாசனை. விளக்குகளுக்கு சுவிட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் எரியும், அசையாமல் இருந்தால் அணைந்துவிடும். உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்கு அங்கே இருட்டுதான். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர்கள் மட்டும் ஜெகஜோதியாக இருந்தார்கள்.

என் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவனுக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் தலைவர். யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. குரல் பெரிதாக இருந்ததால் ஆகிவிட்டான். பக்கத்தில் ஸ்லைடு ராணி. எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு வட்டம், ஒரு அம்புக்குறி போட்டு திரையில் ஏற்றிவிடுவாள். மூன்றாமவன் ஆமாஞ்சாமி. அவனைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். காலியாக இருந்ததில் நான் உட்காரப் போனேன்.

"அதுல உட்காராதீங்க" என்றான் தலைவர். "அது கஸ்டமர் சீட்."

விஷயம் இதுதான். பெரிய கம்பெனிகளின் கூட்டங்களில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு, அதில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்களாம். எங்கள் பேராசிரியருக்கு இதில் அபாரப் பக்தி. ஒவ்வொரு குழுவும் நாற்காலி போட வேண்டும். எந்த முடிவு எடுத்தாலும் முதலில் அந்தப் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்க வேண்டும். பதிலை நாமே சொல்லிக்கொள்ளலாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேறோர் அறையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்தேன்.

சிரிப்பு வந்ததற்குக் காரணம், நான் நிஜக் கஸ்டமரோடு பேசியவள். மிக்ஸி, கேஸ் கீசர் என்று வீட்டுச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் புகார் போன் எடுப்பதுதான் என் வேலை. காதில் ஹெட்போனை மாட்டினால் கழற்றுகிறவரை வசவு. அந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட வேண்டும் என்றுதான் வேலை பார்த்துக்கொண்டே மேலாண்மை முதுகலையில் சேர்ந்தேன். எங்கள் கல்லூரியும் இந்தக் கல்லூரியும் மாணவர்களை மாற்றிக்கொள்கிற ஒப்பந்தத்தில், ஒரு பருவத்துக்கு என்னை அனுப்பினார்கள். தேறி வந்தால் மாடியில் திட்டப் பிரிவில் இடம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் பழையபடி ஹெட்போன்.

அண்ணி போனில் கேட்டாள். "அவ்ளோ தூரம் போய் நாலு பேரு உட்கார்ந்து பேசறதுக்குப் பேரு படிப்பா?"

"அதுக்கு மார்க் வேற உண்டு அண்ணி. அதுவும் நாங்களே ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கணும்."

"விளங்கிடும்" என்றாள் அண்ணி.

அந்த மார்க்தான் என் கழுத்தில் கயிறு. மற்ற மூவரும் எனக்குக் குறைத்துப் போட்டால் அந்தப் பாடம் போச்சு, மாடியும் போச்சு.

எங்களுக்குக் கொடுத்த வேலை கேஸ் கீசர் பற்றியது. கீசர் செய்யும் ஒரு கம்பெனியே கல்லூரியிடம் கேட்டிருந்தது. அவர்களுடைய பழைய மாடலில் புகைக் குழாய் எளிதில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் விஷப் புகை குளியலறைக்குள்ளேயே தங்கும். அதற்கு வாசனை கிடையாது. மூக்குக்குத் தெரியாமல் ஆளைத் தூங்கவைத்துவிடும். விற்றதையெல்லாம் திரும்ப எடுப்பதா, இல்லை எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா? நன்றாகச் சொல்கிற குழுவின் யோசனையை அப்படியே நடைமுறைப்படுத்துவார்கள்.

தலைவர் யோசிக்கவே இல்லை. "ஸ்டிக்கர். 'குளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவும்.' மேல ஒரு ஸ்லோகன், 'காற்றோடு குளிப்போம்'. எப்படி?"

"ஆமா, ஆமா" என்றான் ஆமாஞ்சாமி. ராணி ஒரு ஜன்னல் படத்தைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த கீசர் இருக்கற பாதி பாத்ரூம்ல ஜன்னலே கிடையாது" என்றேன். "போன்ல எத்தனை பேர் சொல்லியிருக்காங்க."

ஒருவரை நான் மறந்ததே இல்லை. குளியலறையில் மகளைப் பறிகொடுத்த ஒரு அப்பா. கத்தவில்லை, திட்டவில்லை. 'தூங்கற மாதிரிதாம்மா இருந்தா. கன்னமெல்லாம் ரோஜாப்பூ மாதிரி செவந்து. நல்லாத்தான் இருக்கான்னு நினைச்சுட்டேன்.' அந்தப் புகை இரத்தத்தில் ஏறினால் முகம் அப்படித்தான் சிவக்கும் என்று பிறகு எங்கள் மெக்கானிக் சொன்னார். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

தலைவர் என் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தான். "அனுபவம் நல்லதுதான். ஆனா மார்க் நாங்கதானே போடணும்?" பிறகு காலி நாற்காலிப் பக்கம் திரும்பி, குழந்தையைக் கொஞ்சுகிற குரலில் கேட்டான். "என்ன கஸ்டமர் மேடம், ஸ்டிக்கர் போதும்ல?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு மாடி வேண்டும்.

சிரிப்பு அடங்கியது. யாரும் அசையவில்லை போலிருக்கிறது, விளக்கு அணைந்தது.

யார் கையை ஆட்டுவது என்று எல்லோரும் சும்மா இருந்தோம். இருட்டில் எங்கிருந்தோ சோப்பு வாசனை வந்தது. குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அந்த வாசனை.

விளக்கு எரிந்தது.

"யாரு கை ஆட்டினது?" என்றாள் ராணி.

யாரும் ஆட்டவில்லை. கஸ்டமர் நாற்காலி மேசையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது, ஒருவர் வசதியாக உட்காருகிற அளவுக்கு. அதன் இருக்கைத் துணியில் ஈரம் வட்டமாகப் படர்ந்திருந்தது.

"ஏசி ஒழுகுது" என்றான் தலைவர். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. நான் மேலே பார்த்தேன். அந்த இடத்துக்கு நேரே ஏசி எதுவும் இல்லை.

அடுத்த வாரம் அவனுக்குப் புதிய யோசனை உதித்தது. கஸ்டமரை நடித்தே காட்டிவிடலாமாம். "நீ உட்காருடா" என்று ஆமாஞ்சாமியைத் தள்ளினான். அவனும் "ஆமா, உட்காரேன்" என்று உட்கார்ந்தான்.

"சொல்லுங்க மேடம். எங்க ஸ்டிக்கரைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

ஆமாஞ்சாமி இளித்தான். இளிப்பு மெல்லக் கரைந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"தலை வலிக்குதுப்பா."

அது அவன் குரல் இல்லை. சின்னக் குரல். தூக்கக் கலக்கத்தில் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற குரல்.

"தண்ணி இன்னும் சூடாகலயே."

அவன் கன்னங்கள் சிவக்கத் தொடங்கின. நாற்காலிக் காலடியில் கம்பளம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன்."

 பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எழுந்து நின்றவன் மலங்க மலங்க விழித்தான். "நான் தூங்கிட்டேனா?"

தலைவர் கைதட்டினான். "டேய், பிச்சு உதறிட்ட! இதைத்தான் மேடையில வைக்கறோம்."

"ஆமா, ஆமா" என்றான் அவன். என்ன செய்தோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை, ஆனாலும் ஆமா.

"இது நடிப்பு இல்ல" என்றேன். "அந்த நாற்காலியைத் தூக்கிப் போடுங்க. இல்லாட்டி அது சொல்றதைக் கேளுங்க."

"பிரமாதம்" என்றான் தலைவர். ராணி பக்கம் திரும்பி, "அந்த வரியையும் எழுதிக்கோ" என்றான்.

இவர்களிடம் பேசுவதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். பேய் நேரே வந்து உட்கார்ந்தாலும் அதை ஸ்லைடில் போடலாமா என்று பார்க்கிற ஜென்மங்கள்.

அரங்கேற்றம் ஒரு காலை வேளையில். பெரிய கூடம், பளீரென்று வெளிச்சம். முன்வரிசையில் கீசர் கம்பெனி அதிகாரிகள் கோட்டு போட்டுக்கொண்டு, எதற்கெடுத்தாலும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பேராசிரியர், பெண் கல்யாணத்தில் நிற்கிற தகப்பன் மாதிரி. மேடை நடுவில் அந்த நாற்காலி. காய்ந்துதான் இருந்தது, நான் தொட்டுப் பார்த்தேன்.

ஆமாஞ்சாமிதான் உட்காருவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் தலைவருக்கு மனசு கேட்கவில்லை. கைதட்டல் இன்னொருவனுக்குப் போவதா? "இப்போ, நானே உங்கள் கஸ்டமர்!" என்று அறிவித்துவிட்டுத் தானே போய் உட்கார்ந்தான்.

ராணி கேட்டாள். "மேடம், எங்க ஸ்டிக்கர் உங்களுக்குப் போதுமா?"

அவன் "போதும்" என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான்.

வார்த்தை வரவில்லை.

சோப்பு வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

சொட்.

சொட்.

அவன் முழங்கையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கன்னங்கள் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டன. முன்வரிசையில் ஒருவர், "எவ்வளவு தத்ரூபம்" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

"அப்பா" என்றது அந்தச் சின்னக் குரல். "தண்ணி இன்னும் சூடாகலயே."

அவன் மார்பு ஏறி இறங்குவது நின்றுவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி நான் சும்மா நின்றேன். இருக்கட்டும், இவனுக்கு வேண்டியதுதான் என்று மனசு சொன்னது. கூடவே மாடியும் மார்க்கும் நினைவுக்கு வந்தன. அப்புறம் அந்த அப்பாவின் குரல் வந்தது. நல்லாத்தான் இருக்கான்னு நினைச்சுட்டேன்.

ஓடிப்போய் அவனை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தரையில் போட்டேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது அவன் உடம்பு. "அந்த பாத்ரூம்ல ஜன்னலே கிடையாது!" என்று முன்வரிசையைப் பார்த்துக் கத்தினேன். "ஸ்டிக்கரை எங்கய்யா படிப்பாங்க, தூங்கின அப்புறமா? எல்லாத்தையும் திரும்ப எடுங்க!"

 தரையில் கிடந்தவன் இருமிக்கொண்டு மூச்சு விட்டான்.

பிறகு முன்வரிசையில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். அந்தப் பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனசைத் தொட்டுட்டீங்க. ஸ்டிக்கருக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடைக்காது" என்றார்.

அவ்வளவுதான். ஸ்டிக்கர் வென்றது. தலைவருக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. எனக்கு மூன்று பேரும் போட்ட மார்க்கின் பக்கத்தில் ஒரே குறிப்பு: குழுவோடு ஒத்துப்போகத் தெரியவில்லை. ஆமாஞ்சாமி மட்டும் வாசல்வரை வந்து என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். "நீங்க சொன்னது சரிதான் இல்ல?" என்றான். அவன் வாயிலிருந்து முதன்முதலாகக் கேள்வி வந்தது, அதுவும் நான் கிளம்புகிறபோது.

இப்போது நான் பழைய ஹெட்போனில்தான் இருக்கிறேன். அண்ணி முதுகைத் தட்டிக்கொடுத்ததோடு சரி. புகார் சொல்கிறவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். கீசர் என்றால் முதல் கேள்வியே ஜன்னல் உண்டா என்பதுதான். இல்லை என்றால், மெக்கானிக் வருகிறவரை அதைப் பற்றவைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் தலைவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. புதிய அலுவலகத்தின் கூட்ட அறை. மேசையைச் சுற்றிக் கோட்டுகள். நடுவில் இவன், வாயெல்லாம் பல். கீழே எழுதியிருந்தான்: "நம்ம ஐடியாதான்! இங்கயும் கஸ்டமர் சீட் போட்டாச்சு. மீட்டிங்ல ஆள் ஜாஸ்தி, அதனால இப்போதைக்கு நான் அதுல உட்கார்ந்திருக்கேன். ஏசி ஒழுகுது போல, சீட் காயவே மாட்டேங்குது."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் கன்னங்கள் நன்றாகச் சிவந்திருந்தன.

"அதுல உட்காராதே. எழுந்திரு" என்று அனுப்பினேன்.

"ஹாஹா. நீ மாறவே மாட்ட. ஆனா ஒண்ணு, இங்க வந்ததுலருந்து செம தூக்கம்."

"உடனே எழுந்திரு. வெளிய போ."

பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பிறகு அந்தப் பக்கம் யாரோ மெல்ல, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்வது தெரிந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது.

"தண்ணி இன்னும் சூடாகலயே."