உள்ளே தூங்குகிறவர்

குணா அசைந்திருக்கிறான், வேறென்ன. படத்தில் அவன் தலையை ஒட்டி இன்னொரு தலை மங்கலாக விழுந்திருந்தது. ஸ்கேன் ஓடும்போது பிள்ளை அசைந்தால் இப்படித்தான் நிழல் தட்டும். ஆனால் இந்த நிழல் பையனின் தலையைவிடப் பெரியதாக இருந்தது. டெக்னீஷியன் தணிகைவேல் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "பையன் கட்ட மாதிரிதான மேடம் படுத்துக்கினு இருந்தான்" என்றான்.

கட்டையாம். ஐந்து வயதுக் கழுதை, பெற்றவளைப் போலவே நெளிந்திருக்கும் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டி பைபாஸில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரில், மூளை ஸ்கேனுக்கு வரும் பிள்ளைகளை அசையாமல் படுக்கப் பழக்குவது அவள் வேலை. பிள்ளைகளைவிட அம்மாக்களைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது. பெரியபாளையத்தில் மந்திரித்த தாயத்தைக் கழற்றச் சொன்னால் சாமி குத்தம் என்று சண்டைக்கு வருகிறவர்கள். அழுகிற வாயில் பிஸ்கட்டைத் திணித்துவிட்டு, ஏன் இருமுகிறான் என்று கேட்கிறவர்கள். குணாவின் அம்மா ரத்னா, பழவேற்காட்டிலிருந்து மீன்வாடையோடு வந்து, கதவுக்கு வெளியே நின்று "எம்புள்ளய இன்னா பண்றீங்க" என்று அரைமணி நேரம் கத்தினாள். அம்மாக்கள் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது சுகிர்தா போட்ட சட்டம்.

சென்னையில் ஒருநாள் பயிற்சிக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள், முதலில் பொம்மையை உள்ளே அனுப்பிக் காட்டுங்கள், மெஷின் சத்தத்தைக் கேட்கப் பழக்குங்கள், பயந்தால் அமுக்குவதற்கு, குழல் வைத்து வெளியே மணி அடிக்கும் ரப்பர் பந்தைக் கையில் கொடுங்கள் என்றெல்லாம் பாடம் நடந்தது. இதுகளுக்கா? இரவெல்லாம் இரும்பு ஆலை அடிக்கிற அடியில் தூங்கி எழுகிற பிள்ளைகளுக்குச் சத்தம் பழக்க வேண்டுமாம். பந்தைக் கொடுத்தால் படுத்ததுமே அமுக்கித் தொலைக்கும். அதை அவள் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

அவள் வழி சுருக்கமானது. பின்னறையில், மெஷின் குழாய்க்கு மாதிரியாக, இருபக்கமும் அறுத்த ஒரு தண்ணீர் டாங்க் படுக்கப் போட்டிருந்தது. பிள்ளையை அதற்குள் படுக்கவைத்து, காதருகே குனிந்து மெதுவாகச் சொல்வாள்: "உள்ள ஒருத்தர் தூங்கினு இருக்காரு. நீ அசைஞ்சா முழிச்சிக்குவாரு."

அவ்வளவுதான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். அடிகூட வேண்டாம், ஒரு பொய் போதும். எட்டு மாதத்தில் ஒரு பிள்ளைக்கும் மயக்க ஊசி தேவைப்படவில்லை.

ஸ்கேன் முடிந்து குணா வெளியே வந்தபோது டவுசர் நனைந்திருந்தது. "தும்மிட்டேன் ஆன்ட்டி" என்றான், உதடு அசையாமல். "அவரு முழிச்சிக்கினாரு."

"யாருடா முழிச்சாங்க?" என்றாள் ரத்னா.

"கனா கண்டிருக்கான். அடுத்த வாரம் கூட்டியாங்க" என்று சொல்லி, சிரித்தபடியே கதவைச் சாத்தினாள் சுகிர்தா.

அந்த வாரம் இன்னும் நான்கு பிள்ளைகள் வந்தார்கள். நான்கும் கேமராவில் கல்லாகக் கிடந்தன. நான்கு படத்திலும் அந்த நிழல் இருந்தது. கம்பெனி இன்ஜினியர் வந்து ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறே இல்லை என்று கையெழுத்துப் போட்டான். பிறகு ஒரு வாடை வந்தது. ஏசியின் குளிரையும் டெட்டால் நெடியையும் தாண்டி, வெகுநேரம் வாயைத் திறந்து தூங்கியவன் எழுந்து பக்கத்தில் வந்து பேசுகிற மாதிரி ஒரு புளித்த மூச்சு வாடை, அந்தக் குழாயின் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஆயா சரியாகத் துடைப்பதில்லை என்று சுகிர்தா அவளைத் திட்டினாள். திட்டிய பிறகும் வாடை போகவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பயம் தட்டியது, அதைக் கோபமாக்கி அடுத்த ஆள்மேல் காட்டினாள்.

புதன்கிழமை அவள் மகள் அருணாவுக்கு மூன்றாவது முறையாக வலிப்பு வந்தது. ஆறு வயது. உடனே ஸ்கேன் வேண்டும் என்றார் டாக்டர். அவளுக்கு வீசிங் இருப்பதால் மயக்க ஊசி ஆபத்து, விழித்தபடியேதான் படுக்க வேண்டும். சென்னையில் இரண்டு வாரத்துக்குத் தேதி இல்லை. மெஷினில் கோளாறே இல்லை என்று இன்ஜினியரே கையெழுத்துப் போட்டிருக்கிறான், இங்கேயே எடுத்துவிடலாம்.

சுகிர்தா மூன்று நாள் லீவு போட்டு மகளைப் பழக்கினாள். உள்ளே என்ன இருக்கும் என்று உள்ளபடி சொன்னாள். சென்டரின் பின்னறைக்குக் கூட்டிப் போய், துணிப்பொம்மையை டாங்குக்குள் அனுப்பிக் காட்டினாள். போனில் மெஷின் சத்தத்தை வைத்து இருவருமாகத் தாளம் போட்டார்கள். டிராயரைத் திறந்து அந்த ரப்பர் பந்தைத் தேடி எடுத்தாள். பொய்யை மட்டும் சொல்லவில்லை, அது மற்றவர்கள் பெற்றதுகளுக்கு. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எவனோ வேலையற்றவன் சொல்லி வைத்திருக்கிறான்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. வேறு யாரும் இல்லை. அருணா தானாகவே ஏறிப் படுத்தாள். முகத்துக்கு மேல் கூண்டு, வயிற்றின் மேல் போர்வை, வலது கையில் பந்து.

"பயந்தா அமுக்கு. அம்மா ஓடியாந்துருவேன்."

"சரிம்மா."

கூடவே நிற்க ஆசையாக இருந்தது. தணிகைவேல் பார்த்துக்கொண்டிருந்தான். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி இவன்முன் ரத்னாவைப் போல நிற்பதா? அவள் வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

மெஷின் தட்டத் தொடங்கியது. கேமராவில் அருணாவின் இடுப்பும் கால்களும் தெரிந்தன, தலை குழாய்க்குள். அசைவே இல்லை. என் பிள்ளை என்று சுகிர்தாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

முதல் படம் வந்தது. தெளிவான தலை. பக்கத்தில் நிழல்.

"நிறுத்தவா மேடம்?"

"இரு."

இரண்டாவது படம். நிழல் மங்கலாக இல்லை. காது தெரிந்தது. தாடை தெரிந்தது.

மூன்றாவது. அந்தத் தலை அருணாவின் பக்கம் திரும்பியிருந்தது.

"நிறுத்து. நிறுத்துடா."

அவன் நிறுத்தினான். தட்டல் ஓய்ந்தது. பிறகு மணி அடித்தது. எட்டு மாதமாக அடிக்காத மணி. பிள்ளை பயந்து அமுக்குகிறாள், அமுக்கத் தெரிகிறது, அது போதும். சுகிர்தா மைக்கைப் பிடித்தாள்.

"அருணா, அம்மா வரேன்டா. அமுக்குனது போதும்."

"நான் அமுக்கலம்மா." ஸ்பீக்கரில் மெல்லிய குரல். "பந்து எங்கிட்ட இல்ல. அவரு வாங்கிக்கினாரு."

"எவரு?"

"பக்கத்துல படுத்துக்கினு இருக்காரே. குணான்னு ஒரு பையன் தும்மிட்டானாம். அப்பத்துலருந்து தூக்கமே வரலியாம் அவருக்கு."

குணாவைப் பற்றி சுகிர்தா வீட்டில் பேசியதே இல்லை.

கேமராவில், போர்வைமேல் இரண்டு சின்னக் கைகள். விரித்தபடி. காலி. பந்தின் ரப்பர் குழல் அந்தக் கைகளைத் தாண்டி, மார்பைத் தாண்டி, மெஷினின் இருட்டுக்குள் போயிருந்தது. விறைப்பாக.

"நான் அசையலம்மா."

மணி நிற்கவில்லை.