விழாத ஐந்து எழுத்துகள்

கவின் அழுத்தினால் ‘வ’ விழுந்தது. நறுமுகை அழுத்தினால் விழவில்லை.

காலை பத்து மணிக்கு அவன் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்து விசைப்பலகையின் முன் உட்கார்ந்தான். ‘இவளுடன் வாழ விரும்புகிறேன்’ என்று ஒரே மூச்சில் அடித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தோசை வார்க்கப் போய்விட்டான். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. அதே நாற்காலியில் இப்போது நறுமுகை உட்கார்ந்திருந்தாள். ‘இவருடன்’ என்ற முதல் சொல்லிலேயே இ இல்லை, வ இல்லை, ர இல்லை, ன இல்லை. திரையில் ‘உட’ என்று மட்டும் நின்றது. ஐந்தாவது விசையான ‘ழ’வை வெறுமனே அழுத்திப் பார்த்தாள். அதுவும் விழவில்லை.

அந்த ஐந்தும் முந்தைய நாள் அவளே கழற்றி, புதிது வைத்து, ஈயம் உருக்கி சால்டர் பண்ணிய விசைகள்.

ஒவ்வொரு விசைக்கு அடியிலும் உறுதியுணரி என்று ஒரு மெல்லிய தகடு உண்டு. விரலின் துடிப்பையும், தொடுவதற்கும் அழுத்துவதற்கும் இடையே விழும் இமைப்பொழுதுத் தயக்கத்தையும் அது அளக்கும். மனம் ஒப்பாமல் அழுத்திய எழுத்தைத் திரைக்கு அனுப்பாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு நீதிமன்றத்துக்காக வந்தது. பிறகு எல்லா வீட்டிலும் வந்தது. பொய்ப் புகார்கள் நின்றன. கட்சிகளின் தேர்தல் அறிக்கைகள் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கின. மாப்பிள்ளை வீட்டார் அனுப்பும் குறிப்பில் பையனின் உயரம் இரண்டு அங்குலம் குறைந்தது. காய்கறிக்காரரிடம் தக்காளி இன்று பறித்ததா என்று கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர் “அடிச்சுக் காட்டச் சொல்லுங்க” என்பார். வாயால் சொல்வதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

திருமணத்தையும் ஏழு வருடத்துக்கு ஒருமுறை, கல்யாண நாளன்று, அடித்துத்தான் புதுப்பிக்க வேண்டும். வீட்டின் பெயரில் பதிந்த பலகையில், இருவரும், ஆளுக்கு ஒரு வரி, மாலை ஐந்து மணிக்குள். ஒருவர் வரி வராவிட்டால் கல்யாணம் முறிந்துவிடாது. தொங்கல் பட்டியலுக்குப் போகும். ஆறு மாதம் ஆலோசகர் வருவார். இரண்டு வீட்டாருக்கும் தகவல் போகும். உக்கடத்திலிருந்து சிங்காநல்லூர் வரை சொந்தக்காரர்கள் எல்லோரும் “அவளுக்கு விழலையாமே” என்பார்கள்.

போன இரண்டு தடவையும் அவளுக்கு மழை மாதிரி விழுந்தது.

“என்ன முகை, அடிச்சிட்டியா? தோசை ஆறுது.”

“இருங்க.”

அவள் பலகையைக் குப்புறத் திருப்பினாள். இருபத்தோரு வருடமாக உக்கடத்தில் ஜமால் அண்ணனின் கடையில் அவளுக்கு இதுதான் வேலை. ஈயம் சரியாக உருகாமல் உறைந்தால் பற்று மங்கலாக, பொருக்குத் தட்டித் தெரியும், விசை செத்துவிடும். இவை மங்கவில்லை, கண்ணாடிபோல் மின்னின என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இணைப்பு இருந்தால் கூவும் மல்டிமீட்டர் பத்துக் காலிலும் ஒழுங்காகக் கூவியது. அப்புறம்தான் மூடி, பழக்கத்தில் நான்கு திருகுகளின் தலையிலும் தன் ஊதா நகப்பூச்சால் பொட்டு வைத்தாள். கடையில் ஆளுக்கு ஒரு நிறம். ஜமால் அண்ணன் சிவப்பு, அவள் ஊதா. பொட்டு உடையாமல் இருந்தால் கடைசியாகத் திறந்தது அவர்தான் என்று அர்த்தம்.

கடையில் இன்னொரு பழக்கமும் உண்டு. சரிசெய்தவர் சோதிக்கக் கூடாது. எந்த விசையைக் கழற்றி மாட்டினோம் என்று அவர் விரலுக்குத் தெரியும். வேலை செய்யுமோ செய்யாதோ என்ற பயத்தோடுதான் தொடும். உணரி அந்தப் பயத்தையும் தயக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் வாசலில் போகிற யாரையாவது கூப்பிட்டு, எல்லா விசையையும் ஒருமுறை அழுத்தச் சொல்வார்கள். அதற்கு வெளிவிரல் என்று பெயர். தன் வீட்டுப் பலகையை யாரும் தானே தொடுவதில்லை, பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். நறுமுகையும் இதுவரை அப்படித்தான். ஆனால் ஐந்தே விசை. கவின் எப்போதோ காபி சிந்தியதில் கொஞ்சம் மந்தமாகியிருந்தன. கல்யாண நாளுக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

காரணம் தெரிந்ததால் பயம் போய்விடவில்லை. தெரிந்ததை விரலுக்குத் தெரியாமல் செய்வது எப்படி? அதைவிட மோசமாக, இன்னொரு கேள்வி அடியிலிருந்து எழும்பி வந்தது. பயம் விசையைப் பற்றித்தானா?

கவின் தோசைத் திருப்பியோடு வந்து நின்றான். அவள் மூன்று தடவை ‘வ’வை அழுத்தினாள். மூன்று தடவையும் திரை சும்மா இருந்தது.

“ஏழு வருசத்துக்கு ஒருக்கா வர்ற பரீட்சை. பேனா எழுதலைன்னு சொல்றே” என்று சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

“நான்தாங்க மாத்தினேன். அதான்.”

“ஜமால் அண்ணன்கிட்ட காட்டிட்டு வர்றேன், குடு.”

“அதுல ஒண்ணும் இல்லீங்க. நீங்க அடிச்சா விழுதே.”

“நாலு தடவைக்கு ஒரு தடவை வேலை செய்யற சுவிட்சை நீ பாத்ததே இல்லியா? எனக்கு அந்த ஒரு தடவை வாய்ச்சிருக்கும்.” பேருந்துப் பணிமனையில் இருபது வருடம் நேரக்கட்டுப்பாடு பார்த்தவன், தாமதத்துக்கெல்லாம் அவனிடம் ஒரு காரணம் இருக்கும். பலகையைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “நீ அவருக்குப் போன் பண்ணி வாங்கிக் கட்டிக்காதே. நான் பேசிக்கறேன்.”

அவன் போனபின் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. ஆறிய தோசையைப் பிய்த்துத் தின்றபடி நறுமுகை தனக்குள்ளேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். எங்கே கூவவில்லை?

அவள் அம்மா இறந்த மூன்றாம் நாள் அவன் வேலைக்குப் போனான். ஆள் குறைவு, போய்த்தான் ஆகவேண்டும் என்றான். அவள் ‘சரிங்க’ என்றாள். போன வருடம் நடந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நினைத்ததுகூட இல்லை என்றுதான் எண்ணியிருந்தாள். இப்போது பார்த்தால் அது அப்படியே இருந்தது, மங்கிப்போன பற்று மாதிரி. மேலே பார்க்க ஒட்டியிருக்கும், உள்ளே பிடித்திருக்காது. அது இந்த ஐந்து விசைக்குத் தெரிந்துவிட்டதா? அவன் தினமும் மின்விசிறியைத் தன் பக்கமிருந்து அவள் பக்கம் திருப்பிவிட்டுத் தூங்குவதும் உண்டு. அது எந்த விசைக்குத் தெரியும்?

மணி மூன்று. மூன்றரை. கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடித்தாள், மறுபடி விரித்து மடித்தாள்.

மூன்றே முக்காலுக்கு வந்தான். வேர்த்திருந்தான்.

“அந்த ‘வ’வுல ஒரு கால் பிடிக்கவே இல்லியாம். மத்த நாலையும் சேத்துப் புதுசா வெச்சுட்டாரு” என்று பலகையைத் துண்டோடு மேசையில் வைத்துப் பிரித்தான். “நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டே.”

“என்ன சொன்னாரு?”

“சொந்த வீட்டுப் பலகையில எவனாச்சும் கை வெப்பானா, இருபது வருசம் எங்கிட்ட என்னத்தைக் கத்துக்கிட்டா அந்தப் பொண்ணுன்னு. கடையில இருந்த அத்தனை பேருக்கும் முன்னாடி.”

நறுமுகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அப்படியே ஜமால் அண்ணனின் பேச்சு. அந்த ‘என்னத்தை’யில்கூட அவர் குரல் கேட்டது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. பற்று பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவர் கை பட்டுவிட்டது.

“சிரிச்சது போதும். மணி நாலாகப் போகுது.”

உட்கார்ந்தாள். இ. விழுந்தது. வ. விழுந்தது. பிறகு எதையும் எண்ணவில்லை. ‘இவருடன் வாழ விரும்புகிறேன்’ என்று திரையில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பதிவகத்தின் பச்சை வரி வந்தது: உறுதி ஏற்கப்பட்டது.

கவின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நீளமாக மூச்சுவிட்டு, “காபி போடறேன்” என்று சமையலறைக்குப் போனான். போகிற வழியில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான்.

பலகையை உறையில் போடத் துண்டை உதறினாள். காய்ந்த வேப்பம்பூக்கள் நாலைந்து மேசையில் உதிர்ந்தன. ஜமால் அண்ணன் கடைப்பக்கம் வேப்பமரம் கிடையாது. பணிமனை வாசலில்தான் ஒன்று உண்டு, அடியில் சிமெண்டு பெஞ்சோடு.

பலகையைத் திருப்பினாள். நான்கு திருகுகளிலும் ஊதாப் பொட்டு, ஒரு கீறல் இல்லாமல், நேற்று வைத்தது வைத்தபடி இருந்தது.

பலகையை யாரும் திறக்கவே இல்லை. பிறகு ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. ஜமால் அண்ணன் திட்டும் விதத்தை இருபது வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் இவனுக்கு நடித்துக் காட்டியது அவள்தான். இவன் அதைக் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறான். அந்தப் பெஞ்சில் நாலைந்து மணி நேரம், மடியில் ஒரு பலகையோடு, என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்? அவள் பயம் விசையைப் பற்றித்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இவ்வளவு சொன்ன பிறகும் விழாமல் போயிருந்தால் காரணம் வேறு என்று அவன் ஒருவனுக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் சொல்லியிருக்க மாட்டான்.

காலையில் அவன் அடித்த வரியைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உணரி சோதித்த வரி அது, மறுக்க ஏதுமில்லை. மின்கட்டண ரசீதுபோல் இருந்தது. ஜமால் அண்ணன் பேரில் சொன்ன இந்தப் பொய்யை அவன் எந்தப் பலகையிலும் அடித்திருக்க முடியாது. முதல் எழுத்தே விழுந்திருக்காது.

“ஜமால் அண்ணன் வேலை எப்படி?” என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

‘அடிச்சுக் காட்டுங்க’ என்பது ஊரில் எல்லோருக்கும்போல அவளுக்கும் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள். ஏழு வருடத்தில் ஒருநாள் இவன் பலகையைத் திருப்பிப் பார்க்கலாம், பொட்டுகளின் நிறம் அவனுக்கு நினைவு வரலாம், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துவிடலாம். அலமாரியைத் திறந்து, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள். திருப்புளி முனையால் ஊதாவை ஒவ்வொன்றாகச் சுரண்டிவிட்டு, நான்கு திருகிலும் சிவப்பாகப் பொட்டு வைத்தாள்.

“அவரு கை அவரு கைதாங்க” என்றாள். பிறகு பலகையை முகத்தருகே தூக்கி, அவன் வருவதற்குள் காயட்டும் என்று மெல்ல ஊதினாள்.