மூன்றாம் எண்

“மூணையும் சேர்த்துக் கூப்பிடு, கிப்பி.”

கேட்கவே கூடாது என்று ஒரு வருடமாகச் சொல்லி வைத்திருந்ததை ஓஸ்லா கேட்டுவிட்டாள். கிப்பி துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடிமேல் குறுக்காக வைத்துக்கொண்டான். பக்கத்துக் கயாக் படகில் ரோடா கையுறையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

“வாயைக் கழுவுடி. கடல்ல வச்சுப் பேசுற பேச்சா இது?” என்றான் கிப்பி.

ஷெட்லாந்துத் தீவின் மேற்குக் கரையில் ஜனவரி மாதத்து மத்தியானம். காற்று செத்துக் கிடந்தது. குளிர்காலம் முழுவதிலும் இப்படி ஒரு நாள் இரண்டு தடவையோ மூன்று தடவையோதான் வாய்க்கும் என்பதால் மூவரும் விடிந்ததும் விடியாததுமாக வந்து இறங்கியிருந்தார்கள். இருநூறு அடி உயரத்துக் கறுப்புப் பாறை அவர்களுக்கு மேலே சாய்ந்து நின்றது. அதன் அடிவாரத்தில்தான் கிர்ன் குகை. தயிர் கடைவதுபோல அலை உள்ளே சுழன்று சுழன்று நுரைப்பதால் அந்தப் பெயர்; கிர்ன் என்றால் ஊர்ப்பேச்சில் கடைவது. இன்று அதுவும் சத்தம் போடவில்லை. அழுகிய பாசியும் கடற்பறவைகள் கக்கும் எண்ணெயும் கலந்த நாற்றம் மட்டும் குகைவாயிலிருந்து விட்டுவிட்டு வெளியே வந்தது, தூங்குகிறவர் வாயிலிருந்து வருவதைப் போல.

அவர்கள் குழுவில் ஆளுக்கு ஓர் எண் உண்டு. சேர்ந்த வரிசையில் கிடைத்தது, கடைசிவரை மாறாது. கிப்பி ஒன்று, ரோடா இரண்டு, ஆண்ட்ரினா மூன்று, ஓஸ்லா நான்கு. பாறைமுனை திரும்பும்போதும், குகைக்குள் போகும் முன்னும், வெளியே வந்த பின்னும், முன்னால் போகிற கிப்பி “எண்ணு” என்று கத்திவிட்டுத் தன் எண்ணைச் சொல்வான். மற்றவர்கள் வரிசையாகத் தங்கள் எண்ணைக் கத்த வேண்டும். அலையில் ஆடும் கயாக்கில் உட்கார்ந்துகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தால் கவிழ்ந்துவிடும். ஆகவே கண்ணால் எண்ண முடியாது. காதால்தான்.

ஆண்ட்ரினா செத்தது போன வருடத்துக்கு முந்தைய நவம்பர் கடைசியில். அன்று ஓஸ்லா அபர்டீனில் வாடகை அங்கி மாட்டிக்கொண்டு பட்டம் வாங்கிக்கொண்டிருந்தாள். மீன் ஆலையில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த அம்மா பக்கத்தில் நிற்க, படம் எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டின் முதல் பட்டம். படியிறங்கி வந்து போனைத் திறந்தபோது ஆண்ட்ரினா இல்லை.

வடக்கே ஊசிப்பாறைக்கு வெளியே, திறந்த கடலில், பெரிய அலை ஒன்று கவிழ்த்து இழுத்துப் போய்விட்டது என்று கிப்பியும் ரோடாவும் சொன்னார்கள். ஹெலிகாப்டர் இரண்டு நாள் அங்கேதான் சுற்றியது. உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணுவதெல்லாம் ஒன்று, இரண்டு, நான்கு. செத்தவளின் எண்ணைக் கடலில் கூப்பிடக் கூடாது, கடல் கேட்டுக்கொள்ளும் என்றான் கிப்பி. இந்த ஊர்ப் படகுக்காரர்கள் கடலில் சொல்லாத வார்த்தைகள் நிறைய உண்டு. பாதிரியார் என்று சொல்ல மாட்டார்கள். பூனை என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொண்டு ஓஸ்லா வாயை மூடிக்கொண்டாள். படித்தவள்தான். ஆனாலும் நம்பினாள், ஏனென்றால் சொன்னவன் கிப்பி, அவளுக்குத் துடுப்பு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன்.

சற்றுமுன் எண்ணியபோதுதான் அது நடந்தது. “ஒண்ணு” என்றான் கிப்பி. “ரெண்டு” என்றாள் ரோடா. ஓஸ்லா நான்கு சொல்ல வாயெடுப்பதற்குள், அந்தச் சின்ன இடைவெளியில், குகைக்குள்ளிருந்து யாரோ மூச்சை இழுத்தார்கள். பதில் சொல்லப் போகிறவர்கள் இழுக்கும் மூச்சு.

“கடல்நாய்டி அது,” என்றாள் ரோடா, குனிந்த தலையை நிமிர்த்தாமலே. “உள்ள குட்டி போட்டிருக்கும். வா, கை மரத்துப் போச்சு எனக்கு. சூப்பு ஆறிடும்.”

“நான் மூச்சைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே ரோடா.”

ரோடா துடுப்பை எடுத்துக் கயாக்கைக் கரைப்பக்கம் திருப்பினாள்.

“ஏ டிகிரி,” கிப்பி சிரிக்கப் பார்த்தான். “இதைத்தான் காலேஜ்ல நாலு வருஷம் படிச்சியா? எங்கப்பாகிட்ட சொன்னா ஊரே சிரிக்கும். திருப்பு, போலாம்.”

அவன் அப்பாவுக்கு மீன்பிடிக் கப்பலில் பங்கு. அவனைப் பார்த்து ஊர் சிரித்ததில்லை. ஓஸ்லா கயாக்கைத் திருப்பினாள், ஆனால் கரைப் பக்கம் அல்ல. நான்கு வீச்சு. ஐந்து. குகையின் நிழல் முதலில் படகு முனையில் ஏறியது, பிறகு கைகளில், பிறகு முகத்தில். வெளியே இருந்த குளிர் போதாது என்பதுபோல உள்ளே வேறொரு குளிர், ஈரமான, பழைய, மூடிக் கிடந்த பாத்திரத்தைத் திறந்ததுபோன்ற குளிர், கன்னத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. தூரத்திலும் கேட்டது. கண் பழகப் பழக உள்ளே கடைசியில் ஒரு மேடை தெரிந்தது, ஒரு ஆள் ஏறி உட்காரும் அகலத்துக்குப் பாறைத் திட்டு.

“ஓஸ்லா! வெளிய வா!”

அவள் தொண்டையைத் திறந்து கத்தினாள்.

“எண்ணு!”

எதிரொலி வரவில்லை. அந்தக் குகையில் தும்மினால்கூட நாலு தடவை திரும்பி வரும். வரவில்லை.

பிறகு உள்ளேயிருந்து, “ஒண்ணு.”

கிப்பியின் குரல். ஆனால் கிப்பி அவளுக்குப் பின்னால் இருந்தான்.

“ரெண்டு.” ரோடாவின் குரல்.

சொட்டு. சொட்டு.

“மூணு.”

அதுவும் ரோடாவின் குரல்.

குரலை மெலிதாக்கி, மூக்கால் பேசி, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன மூணு. ஓஸ்லாவுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். ஆண்ட்ரினா எப்போதும் பதில் சொல்ல நேரமாக்குவாள். குளிரில் யார் காத்திருப்பது என்று அவளுக்குப் பதிலாக யாராவது ஒருவர் அவளைப் போலவே கத்திவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். ஆண்ட்ரினாவே சிரிப்பாள்.

எண்ணிக்கை முடிந்தது. உள்ளே யாரோ கிளம்பிப் போகும் துடுப்புச் சத்தம், தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு, பாறைமேல் துடுப்புக் கட்டை தட்டும் ஓசை.

டக். டக். டக்.

அவசரமில்லை. கேட்கும் என்று நம்புகிறவர் தட்டும் தட்டு.

டக். டக். டக்.

ஓஸ்லாவின் கை துடுப்பை விட்டுவிட்டது. பின்னாலிருந்து கிப்பி அவள் கயாக்கின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். வெளிச்சம் திரும்பி வந்தது. அவள் கத்தினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கரையில் கிப்பியின் அப்பாவுக்கு ஒரு கற்குடிசை, உள்ளே இரும்பு அடுப்பு. இரண்டரை மணிக்கே பொழுது சாயத் தொடங்கியிருந்தது. உப்புக்கண்டம் போட்ட ஆட்டிறைச்சி சூப்பைக் கிப்பி மூன்று கோப்பைகளில் ஊற்றினான். யாரும் தொடவில்லை. ரோடா அடுப்பைப் பார்த்தபடி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஊசிப்பாறைன்னு சொன்னீங்க,” என்றாள் ஓஸ்லா.

“ஓஸ்லா, நீ இப்ப ஒரு நிதானத்துல இல்ல.”

“ஊசிப்பாறைன்னு சொன்னியா இல்லையாடா?”

கிப்பி கோப்பையைக் கீழே வைத்தான். “அன்னைக்கு அலை ஜாஸ்தி. நான் கிர்ன்னுக்குள்ள கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது. போயிட்டோம். வெளிய வந்து எண்ணுனேன், மூணு எண்ணும் வந்துச்சு. நான் எப்படித் திரும்பிப் பார்ப்பேன் சொல்லு? கரைக்கு வந்த பிறகுதான் ஆள் இல்லன்னு தெரிஞ்சுது.”

“திரும்பிப் போனியா?”

“போக முடியலடி. தண்ணி ஏறிடுச்சு.”

“அப்போ கடலோரக் காவல்கிட்ட கிர்ன்னு சொல்லியிருக்கலாம்ல? ஹெலிகாப்டர்காரன் கயிறு போட்டு இறங்கியிருப்பானே?”

“வழிகாட்டி லைசன்ஸ் வந்து அப்ப ஒரு மாசம்கூட ஆகல,” என்றான் அவன். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு நியாயம் கேட்கும் தொனி இருந்தது. அதுதான் ஓஸ்லாவைக் குத்தியது. “அந்த அலைல கிர்ன்னுக்குள்ள ஆளைக் கூட்டிட்டுப் போனேன்னு தெரிஞ்சா அத்தோட என் பொழைப்பு முடிஞ்சுது. அவ எப்படியும் போயிட்டான்னு நெனச்சோம். சத்தியமா, ஓஸ்லா.”

“அவ தட்டிக்கிட்டு இருந்தாடா.”

அடுப்பில் கரித்துண்டு ஒன்று சரிந்தது.

“ஒரு வருஷம். என்னை அந்தக் குகை வாசலுக்கே கூட்டிட்டுப் போய், ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு எண்ண வச்சீங்க. அவ அம்மா வீட்டுக்கு என்கூட வந்து டீ குடிச்சீங்க. அவ எண்ணைச் சொன்னா கடல் கேட்டுக்கும்னு எனக்குக் கதை சொன்னே.” அவள் ரோடாவின் பக்கம் திரும்பினாள். “நீயாவது ஏதாவது பேசு. நீதானே சொன்னே மூணுன்னு?”

ரோடா நிமிர்ந்தாள். ‘நீயும்தான் எத்தனை தடவை அவளுக்காகச் சொல்லியிருக்கே’ என்று கேட்கப் போகிறாள் என்று ஓஸ்லா நினைத்தாள். அது உண்மைதான். அதற்கும் அவள் தயாராக இருந்தாள்.

ரோடா வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

உதடு அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. கீழுதட்டைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது, பாசிப் பச்சையில். ரோடா அதைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி வாயைத் திறந்தாள், இம்முறை முழுசாக, அலறுகிறவள் திறப்பதுபோல.

வெளியே, கடல் பக்கமிருந்து, அவள் குரல் கேட்டது.

“மூணு.”

கிப்பி எழுந்துபோய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றான். முகம் மெழுகாக இருந்தது. “போகாத. உள்ளயே இரு. காலைல பேசிக்கலாம்.”

“நகரு.”

“போய் என்னன்னு சொல்வே? குகை பேசுச்சுன்னா? எவன் நம்புவான்?”

“அதைச் சொல்ல மாட்டேன். எங்க தேடலையோ அங்க தேடச் சொல்வேன். ஆண்ட்ரினா அம்மாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்வேன்.”

அவன் நகர்ந்தான். அவளுக்குப் பயந்து அல்ல. அவனால் ரோடாவைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஓஸ்லா வெளியே வந்தாள். ஆறு மைலில் போலீஸ் இருந்தது, கார் சாவி கையில் இருந்தது, இனி யோசிக்க ஒன்றுமில்லை. கூழாங்கல் மேட்டில் ஏறும்போது ஒரு தடவை மட்டும் திரும்பினாள். குடிசையின் ஒற்றைச் சன்னலில் அடுப்பு வெளிச்சம். அதில் ரோடா, கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து, வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கீழே தண்ணீரிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“மூணு.”

“மூணு.”

குகை இருந்தது அரை மைலுக்கு அப்பால். குரல் அங்கிருந்து வரவில்லை. கரையோரக் கற்களை நனைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அடியாக, சன்னலைப் பார்த்து ஏறி வந்துகொண்டிருந்தது.

ஓஸ்லா நடந்தாள்.