பக்கத்தில் வந்து நின்ற வண்டி

கடலுக்கு மேலே அந்த மேட்டில் ஒரு கல்யாணக் கூட்டத்து வண்டிகளையெல்லாம் நிறுத்தலாம். அத்தனை இடத்தையும் விட்டுவிட்டு அந்த வெள்ளைக் கேரவன் எதற்காகத் தங்கள் வீட்டு வண்டியின் வாசலை ஒட்டி வந்து நிற்க வேண்டும் என்பதுதான் அசுந்தாவுக்குப் பிடிபடவில்லை. வந்த சத்தமும் கேட்கவில்லை. கத்திரிக்காய்த் தட்டை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னல் நிறைய வெள்ளைச் சுவர் இருந்தது. கடலைக் காணோம்.

"கோசிமோ, இவனுக்கு வேற இடமே கிடைக்கலயா?"

கோசிமோ எட்டிப் பார்த்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பழைய கேரவனை வாங்கி, தெற்குக் கரை முழுக்க அவளைக் கூட்டிக்கொண்டு திரிகிற மனுஷன். எதைப் பார்த்தாலும் அவனுக்குச் சிரிப்புதான்.

"உன் கத்திரிக்காய் வாசனைக்கு வந்திருப்பான். விடு."

கேரவன்காரர்களுக்குள் எழுதாத சில மரியாதைகள் உண்டு. புதிதாக வந்தவன் முதலில் இறங்கி வந்து வணக்கம் சொல்ல வேண்டும். இவர்கள் இறங்கவில்லை. ஜன்னல்களுக்கு உள்பக்கம் வெள்ளித்தாள் மறைப்பு. ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. வேறு இடம் போகலாம் என்று அசுந்தா சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. ஒருவன் பக்கத்தில் வந்து நின்றதும் நாம் கிளம்பிப் போனால் அவன் மூஞ்சியில் அடித்த மாதிரி ஆகாதா என்றான். போதாததற்கு மதியச் சாப்பாட்டோடு ரெண்டு கிளாஸ் ஒயின் வேறு உள்ளே போயிருந்தது. வெயில் தாழட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான்.

சாப்பாட்டுக்குப் பிறகான அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். ஊர் முழுக்க ஜன்னல் பலகைகள் இறங்கியிருக்கும், நாய்கூட நிழலை விட்டு நகராது. மேட்டுக்குப் பின்னால் நோய் விழுந்து காய்ந்துபோன ஆலிவ் மரங்கள் சாம்பல் நிறத்தில் நின்றன, அவற்றில் சிள்வண்டுகள் காது வலிக்கக் கத்திக்கொண்டிருந்தன, வண்டியின் தகரக் கூரை வெயிலில் படக் படக்கென்று ஒலித்தது. வெள்ளை வண்டிப் பக்கமிருந்து மட்டும் ஒரு வாடை வந்தது. வருஷக்கணக்கில் திறக்காத துணிப்பெட்டி வாடை, அதற்குள் எங்கோ புளித்த பால். அசுந்தா ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியும் வாடை போகவில்லை.

கோசிமோவுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பாவம், வெயிலில் உள்ளேயே கிடக்கிறார்களே, வயசானவர்களாக இருந்தால் என்ன செய்வது என்றான். மீதிக் கத்திரிக்காயைத் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடினான். கோசிமோவின் ஊரில் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது சும்மா விஷயமில்லை. நம் தட்டை வாங்கிக்கொண்டவர்கள் நம்மை உட்கார வைத்தே அனுப்புவார்கள், அடுத்த சாப்பாட்டுக்கு நம் மேஜைக்கு வந்தே தீருவார்கள்.

"வேண்டாம் கோசிமோ. எனக்கு என்னமோ சரியாப் படல."

"ஒனக்கு எப்பத்தான் சரியாப் பட்டிருக்கு? காபியப் போடு, வந்துர்றேன்."

இரண்டு வண்டிக்கும் நடுவில் கதவு பாதிதான் திறந்தது. தொப்பையை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தட்டும் சத்தம் கேட்டது. எதிர்க்கதவு திறந்தது. "அப்பாடா, ஆள் இருக்கீங்களா" என்று அவன் சொன்னதும் கேட்டது. பதில் குரல் எதுவும் இல்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவள் காபி போட்டாள். சுவர் வழியாக அவன் பேசுவது மங்கலாக வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு டிக்கெட் எடுக்காத ஆட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுச் சிரிக்காதவர்களை அவள் பார்த்ததே இல்லை. அங்கே யாரும் சிரிக்கவில்லை. கதை முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே கதையை அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே இருமல்.

காபி ஆறியது. எப்போது நின்றதோ, சிள்வண்டுச் சத்தம் இல்லை.

உள்ளே இருட்டுவதுபோல் இருந்தது. மேகம் என்று நினைத்துத் திரும்பினாள். மறுபக்கத்து ஜன்னலிலும் வெள்ளைச் சுவர். பின்னால் ஓடிப் பார்த்தாள். அங்கேயும். முன்கண்ணாடிக்கு வெளியே, பாறை விளிம்பும் கடலும் இருக்க வேண்டிய இடத்தில், இன்னொரு கேரவனின் முதுகு. எஞ்சின் சத்தம் கேட்கவில்லை, புழுதி கிளம்பவில்லை.

கதவைத் தள்ளினாள். விரல் நுழையும் அளவுக்குத் திறந்து தகரத்தில் முட்டி நின்றது. அந்த இடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"கோசிமோ! போதும், வெளிய வா."

வெள்ளை வண்டிக்குள் பேச்சு நின்றது.

"நீ இங்க வா அசுந்தா. சாப்பாடு ஆறுது."

அவன் குரல்தான். ஆனால் அவளைக் கூப்பிடும்போது அதில் எப்போதும் இருக்கும் அந்தக் கிண்டல் இல்லை.

"என்னால கதவத் தொறக்க முடியல. நீ வெளிய வந்து அவங்க வண்டிய நகத்தச் சொல்லு."

"வெளியவா?" என்றான். நிஜமாகவே புரியாமல் கேட்டான். "எங்க இருக்கு அது?"

முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவன். ஒரு தகரம் தாண்டி உட்கார்ந்திருக்கிறான். அவனை விட்டுவிட்டுப் போகிற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. எப்படியாவது வெளியே போய், கல்லை எடுத்து அந்த ஜன்னலை உடைத்து, காதைப் பிடித்தாவது இழுத்து வரவேண்டும். வண்டி ஓட்ட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். அவன் செய்வதைப் பார்த்த மாதிரியே கியரைத் தள்ளி, மிதித்தாள். வண்டி உறுமி ஒரு குலுங்கு குலுங்கியது. கூடவே எல்லா வண்டியும் குலுங்கியது. ஒரே உடம்பு மாதிரி. அவள் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. சுற்றிலும், பக்கத்தில், தூரத்தில், அதற்கும் அப்பால், கோப்பை விழுந்து உடையும் சத்தம்.

எஞ்சின் அணைந்தது.

கூரை. கூரையில் காற்றுக்காக ஒரு சின்னக் கதவு இருக்கிறது.

மேஜைமேல் ஏறினாள். கொக்கியை விடுவித்தாள். தள்ளினாள். வெயில் மூஞ்சியில் அறைந்தது. தலை வெளியே போனது. தோளைக் குறுக்கி முண்டினாள். ஒரு தோள். மறு தோள். அதற்கு மேல் போகவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

கடல் இல்லை. மரங்கள் இல்லை. தரையே இல்லை. கூரைகள்தான். இடைவெளி இல்லாமல், வானம் வரைக்கும் வெள்ளைக் கூரைகள். ஒவ்வொரு கூரையிலும் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் தலை. தோள் வரைக்கும். வெயிலில் கறுத்து, தோல் உரிந்து, உதடு வெடித்து.

"கோசிமோ!"

அத்தனை தலைகளும் திரும்பின. வாய்களைத் திறந்தன. காய்ந்த தொண்டைகளிலிருந்து, ஆளுக்கு ஒரு பெயராக, தங்கள் தங்கள் புருஷனைக் கூப்பிட்டன.

அவள் கீழே இறங்கப் பார்த்தாள். தோள் அசையவில்லை.

காலடியில், வண்டிக்குள், கதவு திறந்தது. சற்று முன்பு விரல்கூட நுழையாத கதவு, விரியத் திறந்தது. கோசிமோ வந்துவிட்டான். தனியாக வரவில்லை. நிறையக் கால்கள் வரிசையாகப் படியேறி வருவதும், இருக்கைகளில் நெருக்கி உட்காருவதும், அவள் நின்றிருந்த மேஜையின் நான்கு பக்கமும் தட்டுகள் வைப்பதும் கேட்டது.

"கூச்சப்படாதீங்க, நல்லா உக்காருங்க" என்றான் கோசிமோ.

யாரோ மெதுவாக, அவசரமே இல்லாமல், அவள் செருப்பைக் கழற்றினார்கள்.