கறுத்துப்போன விமான நிலையம்

எழில்மொழி வந்து நின்றபோது தேவப்பிரியம் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் சேதமான சரக்கைப் பார்த்து, தப்பு யார் மேல் என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்வது அவர் தொழில். அவருடைய உதவியாளன் பீம்ராவுக்கோ எந்தக் கேஸ் வந்தாலும் அரை மணியில் ஆளைப் பிடித்தாக வேண்டும். அநேகமாகத் தப்பான ஆளைத்தான் பிடிப்பான்.

வந்தவள் வியாசர்பாடியில் அவன் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்கிலேயே இருப்பவள். அதனால் அவள் அழுததைப் பார்த்ததும் அவனே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

திருவொற்றியூரில் சாலமோன் என்பவரின் கம்ப்யூட்டர் கடையில் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாடுகிறார்கள் அல்லவா, அந்த விளையாட்டுக்கு ஓடுதளம், கட்டடம், தரை என்று அசல் விமான நிலையங்களைப் போலவே வரைந்து, சிடியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அவள் வரைந்தது நார்வே நாட்டு விமான நிலையம் ஒன்று. ஆடியில் அனுப்பினார்கள், வாங்கியவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மார்கழி பிறந்ததும் புதிதாக வாங்கியவர்களிடமிருந்து ஒருவர் பின் ஒருவராகப் புகார். ஓடுதளத்தைச் சுற்றித் தரை முழுக்கக் கன்னங்கரேல் என்று கிடக்கிறதாம். கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

சிடி போடுகிறவள் அவள்தான். நுங்கம்பாக்கத்தில் வேறொரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டதும் உண்மை. வேண்டுமென்றே கெடுத்து அனுப்புகிறாள் என்று சாலமோன் முடிவு கட்டிவிட்டார். வேலையை விட்டு நிறுத்தியதோடு விட்டாரா மனுஷன்! பிளாக்குக்கே வந்து, குழாயடியில் அத்தனை பேர் முன்னால், உன் மகள் உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவள் என்று அவள் அப்பா நீலமேகத்திடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“வேல போனா போவுது சார். குழாயாண்ட போனா எல்லாம் பேச்ச நிறுத்திடுறாங்க. நைனா மூஞ்சத் திருப்பிக்கினு போவுது” என்றாள்.

மூவரும் கடைக்குப் போனார்கள். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. நுங்கம்பாக்கத்துக்காரன்தான் ஆள் வைத்து சிடியை மாற்றியிருப்பான் என்று படியேறும்போதே பீம்ராவ் கிசுகிசுத்தான். தேவப்பிரியம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நார்வேக்காரர் ஒருவர் அனுப்பிய படத்தையும், அவர் திருப்பி அனுப்பிய சிடியையும் கேட்டு வாங்கினார்.

படத்தில் தரை கறுப்பு. அப்பால் மலைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அந்தச் சிடியையே கடைக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். பச்சைப் பசேலென்று புல், பச்சை மலை, கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. சாலமோனுக்கு முகம் தொங்கிவிட்டது. கோபத்தில் அந்தச் சிடி வந்த உறையை அவர் பிரித்தே பார்த்ததில்லை.

“அப்போ அந்த நார்வேக்காரன் பொய் சொல்றான் சார்” என்றான் பீம்ராவ்.

“இத்தனை பேரும் பேசி வச்சுக்கிட்டா?” என்ற தேவப்பிரியம், விளையாட்டில் எந்தப் பருவம் தெரியும் என்று எழில்மொழியைக் கேட்டார். கம்ப்யூட்டரில் என்ன தேதியோ அந்தப் பருவம் என்றாள் அவள். தேவப்பிரியம் திரையின் மூலையிலிருந்த தேதியைத் தொட்டுக் காட்டினார்.

“சாலமோன், வாசல்ல ஸ்டார் கட்டியிருக்கீங்க. இங்க ஜூன் மாசம் ஓடுது?”

சாலமோன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். வரைகிற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கவில்லை. சோதித்துப் பார்க்கக் கொடுத்ததையே ஓட்டிக்கொண்டிருக்கிறார். கெடு தாண்டினால் அது நின்றுவிடும். அதனால் தினமும் காலையில் ஜெபம் முடித்த கையோடு தேதியை ஜூனுக்குத் தள்ளிவிடுவார். கடையில் எல்லோருக்கும் அது பழகிப்போன விஷயம்.

தேவப்பிரியம் சரியான தேதியை வைத்து, விளையாட்டை மறுபடி திறக்கச் சொன்னார். மலை வெளுத்தது. அவர்கள் கண் முன்னாலேயே தரை கறுப்பாக வந்தது.

“மலை விளையாட்டுலயே இருக்கிறது, அது தானா மாறிடுது. நீங்க வரைஞ்சது வெயில் காலத்துத் தரை மட்டும். பனிக் காலம் வந்தா விளையாட்டு பனித் தரையோட படத்தைத் தேடுது. இல்லாததால கறுப்பாக் காட்டுது. ஆடியில அங்கேயும் வெயில், அதனால புகார் வரல. இங்கயோ வருஷம் பூரா ஜூன்.”

“பனிக்குத் தனியா படம் போடணும்னு எனக்கும் தோணல சார்” என்று எழில்மொழி தானே ஒப்புக்கொண்டாள். எப்படித் தோன்றும்? மார்கழிப் பனி என்றால் நமக்கெல்லாம் ஒரு மப்ளரோடு தீர்கிற சமாச்சாரம்.

“நாளைக்கே வேலைக்கு வந்துரும்மா” என்றார் சாலமோன்.

“எங்க வந்து பேசுனீங்களோ, அங்க வந்து சொல்லுங்க சார்.”

அன்று சாயங்காலமே வந்தார். அந்த மட்டும் நல்ல மனுஷன்தான். குழாயடியில் நின்று, அவள் ஒரு துரோகமும் செய்யவில்லை, அவசரப்பட்டுப் பேசியது நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பெண்கள் ஒதுங்கி இடம் விட, அவள் குடத்தைக் குழாயின் கீழ் வைத்தாள். பீம்ராவுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

நீலமேகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். “எனக்கு அப்பவே தெரியும், எம் பொண்ணு அப்டி செய்யாதுன்னு.”

“தெரியும்னா ஏன் நைனா என்னாண்ட ஒரு வார்த்த கேக்கல?”

பீம்ராவ் தலையைக் குனிந்துகொண்டான். நிரம்பிய குடத்தை வாங்க நீலமேகம் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.